எலும்பின் உரமும் உழவர் உணவும்

வயது முதிர்ந்தால் கூன் விழுவது இயற்கை. தள்ளாத காலத்தில் கால் இடறினால் இடுப்பு முறிவது விதி. இவ்வாறே நம் கிராம மக்களுள் பெரும்பாலோர் கருதி வருகின்றனர். முதுமையில் எலும்பு ஓரளவு மெலிவது இயற்கையே. ஆயினும் கூனும் முறிவும் அம்மெலிவு மிகுதிப்படுவதால் நேருவன. அம்மிகுதியோ பெரும்பாலும் தடுக்கத் தக்கது. எலும்பின் உட்பகுதி தேன்கூடு போன்ற கண்ணறைகளால் ஆனது. அக்கண்ணறைகளின் சுவர்கள் மெலிந்து, இடைவெளிகள் பெருத்து, கரையான் அரித்த மரம்போல எலும்பு வலுவிழந்து போவதை மருத்துவர்கள் எலும்புப்புரை நோய் என்பர். மருத்துவச் சீட்டுகளில் ஆஸ்டியோபோரோசிஸ் என்று எழுதப்படுவதும் இதுவே. இந்நோய் தொடங்கும்போது வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மணிக்கட்டோ, முதுகெலும்போ, இடுப்போ முறிகின்ற அன்றுதான் பலருக்கும் அது தெரிய வருகின்றது.

சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் இவ்விதழில் எலும்பைப் பற்றி எழுதுவானேன் என்று உறுப்பினர் சிலர் எண்ணக்கூடும். நாம் பணியாற்றுவது தருமபுரி மாவட்டத்து மானாவாரி வட்டாரம் ஒன்றில். எலும்பை உறுதிப்படுத்தும் தானியம் விளைகின்ற மண்ணும், எலும்பைக் கெடுக்கின்ற தாது கலந்த நிலத்தடி நீரும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. எந்தத் தானியத்தை உண்பது, எந்த நீரில் அதனைச் சமைப்பது என்பவை வீட்டுக்காரியமாகத் தோன்றினும், அவற்றுள் பாதிக்கு மேல் ஊராட்சியின் காரியமாகவே முடிகின்றன.

எலும்பின் வரவு செலவு

நம் உடலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசையிலும் இருந்து, இதயம் துடிக்கவும் தசை சுருங்கி விரியவும் உதவுகின்றது. இந்த ஒரு பங்கு குறைந்தால் உயிருக்கே கேடு. ஆதலால் உணவில் போதிய சுண்ணாம்புச் சத்து வராத நாளில், உடல் தன் எலும்பிலிருந்தே அதனை எடுத்து இரத்தத்திற்கு ஈடு செய்கின்றது. பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு இது ஒப்பாகும்.

எலும்பு கல்லைப் போன்று ஒருமுறை அமைந்து அப்படியே நிற்பதன்று. நாள்தோறும் ஒருபுறம் அழிந்து ஒருபுறம் கட்டப்பட்டு வருவது. பிறந்தது முதல் முப்பது வயது வரையில் கட்டுமானம் மிகுதி. அதன்பின் சில ஆண்டுகள் சமநிலை. பிறகு மெல்ல மெல்ல அழிவே மிகும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பின்னர் வரும் ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் இவ்வழிவு விரைந்து நடைபெறுகின்றது. எலும்பைக் காத்து வந்த சுரப்புநீர் ஒன்று அப்பொழுது குறைந்து போவதே காரணம். எனவே அறுபது வயதில் இடுப்பு தாங்குமா என்பது, பதினைந்து வயதில் என்ன உண்டோம் என்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.

அந்தப் பதினைந்து வயதில் நம் வீட்டுப் பெண்பிள்ளை உண்பது என்ன? வீட்டில் ஆடவர் உண்டபின், தம்பிமார் உண்டபின், சட்டியில் மிஞ்சியதை உண்கின்றாள். மணமான பின்னர் அவளே எல்லோருக்கும் கடைசியாக உண்பவள். பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது சட்டப்படி குற்றம் என்பதை உறுப்பினர் அறிவர். எலும்பின் கணக்கிலும் அது பெருங்கேடு என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகின்றோம். தன் எலும்பு கட்டி முடியுமுன்னரே வயிற்றுப் பிள்ளையின் எலும்பையும் கட்ட வேண்டியவளாகின்றாள் அச்சிறுமி.

கேழ்வரகும் அரிசியும்

நம் மாநிலத்துக் குன்னூரில் 1918-இல் சிறிய அளவில் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்கும் ஆராய்ச்சி நிலையம், நம் நாட்டு உணவுப் பொருள்களை ஒவ்வொன்றாகப் பகுத்தாய்ந்து அட்டவணைகள் வெளியிட்டுள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் இந்நிறுவனமும் 2010-இல் வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்றன. 2020-இல் அதனை 1,000 மில்லிகிராமாக உயர்த்தின. பாலூட்டும் தாய்க்கும், மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் 1,200.

இனி நம் தானியங்களைப் பார்ப்போம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. நூறு கிராம் தீட்டிய வெள்ளரிசியில் உள்ளதோ பத்து மில்லிகிராம் அளவே. மூன்று வேளையும் சோறு உண்டு, நாளொன்றுக்கு நானூறு கிராம் அரிசியைச் செலவிடும் உழவர் அதிலிருந்து பெறுவது நாற்பது மில்லிகிராம். அதே உழவர் ஒரு வேளை களிக்கு நூறு கிராம் மாவு போட்டால், அந்த ஒரு வேளையிலேயே அதனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் அடைகின்றார்.

நம் வட்டாரத்துப் பாட்டிமார் களியும் கீரைக் கடைசலும், கூழும் மோரும், கொள்ளும் மொச்சையும் உண்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளோ களி என்றால் முகம் சுளிக்கின்றனர். கேழ்வரகு ஏழையின் உணவு, அரிசி மதிப்பின் உணவு என்னும் எண்ணம் நம்முள் வேரூன்றிவிட்டது. விருந்தினர் வந்த நாளில் களி கிண்டுவதற்கு நாணுகின்ற வீடுகளை நாம் பார்த்திருக்கின்றோம். நகரத்தில் அதே கேழ்வரகு அழகிய பொட்டலத்தில் இருமடங்கு விலைக்கு விற்கப்படுவதையும் பார்த்திருக்கின்றோம்! 2023-ஆம் ஆண்டு உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டிலேயே நம் மாவட்டத்திலும் நீலகிரியிலும் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்கு ஈடாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கப்பெற்றது. கேழ்வரகுக்கு 2025-26 பருவத்தில் மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். விற்பதற்கு விளைவிப்போர், விளைந்ததில் வீட்டிற்கென்று நான்கு மூட்டை நிறுத்தி வைப்பது நலம்.

கேழ்வரகின் மேல்தோலில் உள்ள சில பொருள்கள் சுண்ணாம்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, அது முழுதும் உடலில் சேராதபடி தடுக்கின்றன. இதற்கு நம் முன்னோர் கைக்கொண்ட முறைகளே தக்க பரிகாரம். மாவைக் கரைத்து இரவு முழுதும் புளிக்க வைத்துக் காய்ச்சும் கூழில் இத்தடை குறைகின்றது. முளைகட்டி, உலர்த்தி, அரைத்த மாவிலும் அவ்வாறே. குழந்தைகளுக்கு முளைகட்டிய மாவுக் கஞ்சியே சிறந்தது.

ஏனைய உணவுகளையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். முருங்கைக் கீரை நூறு கிராமில் 300-க்கு மேல். அகத்தியில் 900-க்கு மேல். கொள்ளில் சுமார் 270. எள்ளில் ஆயிரத்திற்கு மேல். ஆனால் அது பெரிதும் தோலில் உள்ளது, அதிலும் ஒரு பகுதியே உடலில் சேரும். முளைக்கீரையும் தண்டுக்கீரையும் பிற சத்துகளுக்கு நல்லவையெனினும், அவற்றிலுள்ள ஒருவகை அமிலம் சுண்ணாம்புச் சத்தை ஓரளவு கட்டிவிடுகின்றது. இவ்வகையில் முருங்கை மேலானது. சந்தையில் கிடைக்கும் நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு உண்பது நன்று. உப்பை மட்டும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். ஏனெனில் உப்பு மிகுந்தால் சிறுநீர் வழியே சுண்ணாம்புச் சத்தும் மிகுதியாக வெளியேறும். எலும்பின் சட்டம் புரதத்தால் ஆனதாகையால் பருப்பும், பயறும், முட்டையும் அவ்வளவுக்கவ்வளவு இன்றியமையாதவை. சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேட்டு உணவை அமைத்துக்கொள்க.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பே போதும் என்று வாதிடும் பெரியவர்கள் ஊருக்கு இருவர் இருப்பர். சுண்ணாம்பில் அச்சத்து உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது தனியே வாய்க்குள் போவதில்லை. பாக்கும் புகையிலையும் உடன் போகின்றன. இவ்விரண்டும் வாய்ப்புற்றுக்கு வழிகோலுவன. புகையிலையும் மதுவும் எலும்பையும் மெலிவிப்பன.

ஒரு நாளின் கணக்கு வருமாறு: நூறு கிராம் மாவின் களி 350, ஐம்பது கிராம் முருங்கைக் கீரை 150, ஒரு டம்ளர் பால், அல்லது அதே அளவு தயிர் 240, ஒரு கைப்பிடி கொள்ளு 80, சிறிய எள்ளுருண்டை ஒன்று 100. கூட்டினால் 920. மற்ற உணவில் வருவதும் சேர ஆயிரம் நிறைந்துவிடும். இவற்றுள் கடையில் சென்று வாங்க வேண்டியது எது என்று அன்பர்கள் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

கறவை வீட்டில் வரக்காப்பி

மேற்கண்ட கணக்கில் உள்ள அந்த ஒரு டம்ளர் பாலைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது. விடியற்காலையிலும் மாலையிலும் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்து வாயிலில் தூக்குகளும் கேன்களும் வரிசையாக வருவது காணக் கண்கொள்ளாக் காட்சியே. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் மானாவாரி உழவரைத் தாங்கி நின்றது பால் பணமே. பிள்ளையின் கல்விக் கட்டணமும், உரக் கடனும், நகையின் வட்டியும் அதிலிருந்தே போகின்றன. ஆகையால் பாலை விற்காதீர் என்று சொல்ல நாம் முன்வரவில்லை.

ஆனால் இரண்டு கறவை நிற்கும் வீட்டில் பிள்ளைகள் வரக்காப்பி குடித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்வதையும், மோருக்குப் பக்கத்து வீட்டில் கேட்பதையும் காணும்போது மனம் பொறுப்பதில்லை. கறந்த பால் முழுதும் சங்கத்துக்குச் சென்று, அப்பணத்தில் ஒரு பகுதி பிஸ்கட் பொட்டலமாகவும் குளிர்பானமாகவும் திரும்பி வருகின்றது. இவ்வாணிபத்தில் உழவருக்கு இலாபம் எங்கே?

ஆளுக்கொரு டம்ளர் நிறுத்துக என்று எழுதிவிடுதல் எளிது; நடைமுறைக்கு ஒவ்வாது. அரை லிட்டர் நிறுத்தினால் போதும். பிள்ளைத்தாய்ச்சியோ பாலூட்டும் தாயோ வீட்டில் இருந்தால் அவர்க்கு ஒரு டம்ளர். இல்லையேல் வளரும் பிள்ளைக்கு. எஞ்சியதை உறை ஊற்றினால் மறுநாள் குடும்பம் முழுமைக்கும் மோர். மோரில் நீர் விளாவுவதனால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அழிந்து போவதில்லை. பலருக்கும் பரவலாகின்றது, அவ்வளவே. காலையில் கறந்த பால் சங்கத்துக்கும், மாலையில் ஓர் அரை லிட்டர் அடுப்படிக்கும் என்று ஒரு வழக்கத்தைச் சில குடும்பங்கள் ஏற்படுத்திக்கொண்டுள்ளன. நாள்தோறும் யோசித்து நிறுத்துவதைவிட இவ்வாறு வழக்கமாக்கிவிடுவதே நிலைக்கின்றது.

வெயில்

உண்ட சுண்ணாம்புச் சத்து குடலிலிருந்து இரத்தத்தில் சேருவதற்கு ‘டி’ உயிர்ச்சத்து வேண்டும். அது பெரிதும் உணவில் இல்லை. தோலின்மீது வெயில் படும்போது உடலே அதனை ஆக்கிக்கொள்கின்றது. வயலில் களையெடுக்கும் பெண்ணுக்கு இதில் குறைவில்லை. விடிவதற்குள் பேருந்தேறி ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் இளம்பெண்களுக்கும், தையற்பொறிக்கு முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போர்க்கும், படுக்கையில் கிடக்கும் முதியோர்க்கும் குறைவு உண்டாகின்றது. முற்பகல் பதினொரு மணிக்கு மேல் அரை மணி நேரம் கையும் முகமும் வெயிலில் படுமாறு இருத்தல் போதும். சுமந்து நடத்தலும் உழைத்தலும் எலும்பைத் திடப்படுத்தும். பாரம் பட்ட எலும்பே பருக்கும்.

நீரிலுள்ள கேடு

இனி நம் மாவட்டத்திற்கே உரிய செய்திக்கு வருவோம். நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு என்னும் தாது நீரில் கரைந்து வருகின்றது. குடிநீரில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும். வேறு நீர் கிடையாத இடத்திலும் ஒன்றரையைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவு மீறிய நீரைப் பல்லாண்டு பருகினால் முதலில் பற்களில் மஞ்சளும் பழுப்புமான கோடுகள் படரும், பின்னர் மூட்டுகள் இறுகும், முதுகு வளையாது, எலும்பு பார்வைக்குத் தடித்தும் உள்ளுக்குள் எளிதில் முறியத் தக்கதாயும் ஆகும். இந்நோய் இந்நாட்டில் முதன்முதல் விளக்கமாக எழுதப்பெற்றது 1937-இல், அப்போதைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவு உண்ணும் குழந்தைகளையே இது கொடுமையாகத் தாக்குகின்றது. கால்கள் வளைந்து போவதும் உண்டு.

இதற்காகவே நம் மாவட்டத்திற்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டிற்கு வந்தது. காவிரி நீர் குழாயில் வருகின்றது. ஆயினும் நாம் ஊர்தோறும் காண்பது என்ன? குடிப்பதற்கு ஒகேனக்கல் நீர். சமைப்பதற்கு ஆழ்துளைக் கிணற்று நீர். களி கிண்டுவதற்கு எவ்வளவு நீர் செல்லும் என்பதை நம் தாய்மாரைக் கேட்டால் சொல்வர். மாவைவிட இருமடங்குக்கு மேல் உலைநீர் ஊற்றப்படுகின்றது. அது முழுதும் உருண்டைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. கேழ்வரகு எலும்புக்குத் தந்ததில் ஒரு பகுதியை உலைநீர் கெடுத்துவிடுமாயின், அவ்வுழைப்பெல்லாம் என்ன பயன் தரும்? கொதிக்க வைத்தால் புளோரைடு போய்விடும் என்பதும் தவறான எண்ணமே. நீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடுமேயன்றிக் குறையாது. சமையலுக்கும் குழாய் நீரையே பயன்படுத்தல் வேண்டும். குழாய் நீர் குறைந்து வரும் குக்கிராமங்களில், குளிக்கவும் துவைக்கவும் கிணற்று நீரையும், உலைக்கும் குடத்திற்கும் காவிரி நீரையும் ஒதுக்குவதற்கு உறுப்பினர்கள் தெருத்தெருவாகச் சென்று எடுத்துரைக்க வேண்டும். ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றின் நீரையும் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைக் கிணற்றருகே எழுதி வைக்கலாம்.

விழாமற் காத்தல்

மெலிந்த எலும்பும் விழாதவரை முறிவது அரிது. ஆதலால் விழாமற் காப்பது மருந்துக்கு ஒப்பானது. இதில் ஊராட்சிக்குச் செலவு மிகச் சிறிது. நியாயவிலைக் கடையின் படிக்கட்டுக்கு ஓர் இரும்புக் கைப்பிடி. பொதுக் குழாயடியில் பாசி பிடித்த கல்லைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குதல். முதியோர் நடக்கும் சந்தில் அணைந்து கிடக்கும் விளக்கை எரிய வைத்தல். கண்புரை மறைக்கும் முதியோரை இலவசக் கண் சிகிச்சை முகாமுக்கு அனுப்புவதும் இதனுள் அடங்கும்.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் அறுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. வீட்டார் நாட்டுக் கட்டுப் போட்டுப் பதினைந்து நாட்கள் கிடத்தி வைத்தனர். முதுகில் படுக்கைப்புண் கண்ட பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அறுவை சிகிச்சை நடந்தது, உயிர் பிழைத்தார், முன்போல் நடமாட்டம் இல்லை. அலைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு கறவை விற்பனையாயிற்று. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக ஒன்பதாம் வகுப்புப் படித்த பேத்தி பள்ளியினின்றும் நின்றுவிட்டாள். தலைமையாசிரியரும் வார்டு உறுப்பினரும் இருமுறை சென்று பேசிய பிறகே மறு ஆண்டு அப்பெண் வகுப்பிற்குத் திரும்பினாள். முதியவர் விழுந்து, எழுந்து நிற்க இயலாது, ஒரு கால் குறுகிப் பாதம் வெளிப்புறம் திரும்பிக் கிடந்தால் அது இடுப்பு முறிவாகவே இருக்கக்கூடும். கட்டுப் போடுவோரிடம் செல்லாது, 108 ஊர்தியை அழைத்து, காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உயரம் குறைந்து வருவதும், காரணம் தெரியாத முதுகுவலியும், சிறிய தடுக்கலில் மணிக்கட்டு முறிவதும் முன்னெச்சரிக்கைகளாகும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவியும், மேலும் மெலியாமல் காக்கும் மருந்தும் இன்று உண்டு.

கருவுற்ற தாய்மாருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான்காம் மாதம் முதல் கால்சியம் மாத்திரை தரப்படுகின்றது. அதனையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒருசேர விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும். கால்சியத்தை உணவோடும், இரும்புச் சத்தை இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டும் உட்கொள்ள வேண்டும். மாத்திரையை வாங்கிப் பரணில் வைத்துவிடும் வீடுகளும் உள. கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளில் உறுப்பினரும் உடன் சென்றால் இவ்வழக்கம் குறையும்.

பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் முருங்கை நடுவதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கை விதையிலிருந்தே வளர்ந்து ஆறு மாதத்தில் காய்ப்புக்கு வருவது. கீரைக்கென்று வளர்ப்பதாயின் இடுப்பளவு உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் மிகுதியாகத் தழைக்கும். சத்துணவுக் கூடத்துப் பணியாளர் ஏணியின்றியே பறிக்கலாம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் வேர் அழுகிவிடும். கைகழுவும் நீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி, சற்று மேடான இடத்தில் குழியெடுத்து, கூடை தொழுவுரம் இட்டு, ஆடிப் பட்டத்தில் ஊன்றுவது நலம். ஆடு கடியாதிருக்க முள்வேலி அவசியம்.